அரைக்காத மிளகாய்

"செஸ் ஆடுவியா வேலா?"

"கேரம் ஆடுவேன் மேடம். அதுலயும் சிவப்புக் காய் எனக்கு ஒரு நாளும் விழுந்ததில்ல."

வரலட்சுமி மேடம் சிரிக்கவில்லை. கிராஸ்கட் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் துப்பறியும் ஆபீஸில் நான் எட்டு வருஷமாக அசிஸ்டென்ட். ஏழு வருஷம் அவர் சிரிக்காததைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. மீதி ஒரு வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை. கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து இருபது வருஷம் பிறர் சொல்லும் பொய்யைச் சுருக்கெழுத்தில் எழுதி அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர் அவர். சிரிப்பை கோர்ட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் போலிருக்கிறது.

மேஜைமேல் ஒரு கோப்பை இருந்தது. 'மாநில ஜூனியர் செஸ், 1995, இரண்டாம் பரிசு' என்று பொறித்திருந்தது. எங்களுக்கு அட்வான்ஸ் அதுதான். வைத்துவிட்டுப் போனவள் பெயர் கலாமணி. பதினேழு வயது. அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்.

நேற்று மத்தியானம் வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அழாமல், கதையைச் சொன்னாள்.

"ஜெயிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல இன்ஜினியரிங் சீட்டுங்க. தோத்தா வெள்ளகோவில்ல மாமன் பையனோட கல்யாணம். எங்கப்பா அப்புடித்தான் பேசி உட்டாருங்க. நான் தோத்துட்டேன். அது போகட்டும். ஆனா மஜீத் சார் மேல பழி விழுந்துருச்சுங்க. சார் செய்யலை. செஞ்சது யாருன்னு நீங்க கண்டுபுடிச்சுக் குடுக்கோணும்."

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாநிலப் போட்டி. கடைசி ஆட்டத்தில் கலாமணிக்கு வெள்ளைக் காய். எதிரே சாய்கிருஷ்ணா, பீளமேட்டில் பம்ப்செட் ஃபேக்டரி வைத்திருக்கிற வீட்டுப் பையன். கலாமணி வருஷம் முழுக்க ஆடிய தொடக்கம் ருய் லோபஸ். நிதானமான ஆட்டம், ஊருக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் வெளியே யாரிடமும் சொல்லாமல் ஈவான்ஸ் காம்பிட் என்ற பழைய தொடக்கத்தை எடுத்தாள். அதில் நாலாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். எதிராளி அதைத் தின்று முடிப்பதற்குள் அவன் ராஜாவைச் சுற்றி வளைத்துவிடலாம். தெரியாதவன் திணறிப்போவான்.

சாய்கிருஷ்ணா திணறவில்லை. ஏழாவது நகர்த்தலில் ராணியை எடுத்து, தன் மந்திரி வெளியே வருகிற வழியை அடைத்துக்கொண்டு முன்னால் வைத்தான். பார்த்தால் கத்துக்குட்டி ஆடியது மாதிரி இருக்கும். அந்த இடத்தில் அதுதான் சரியான பதிலாம். முன்னாலேயே படித்து வைக்காதவனுக்கு அரை மணி நேரமாவது வேண்டும். அவன் எடுத்துக்கொண்டது பத்து விநாடி.

முப்பத்தோராவது நகர்த்தலில் கலாமணி தோற்றாள். சாய்கிருஷ்ணாவின் நாற்காலிக்கு அடியில் ஒரு காகிதம் கிடந்தது. அவள் கையெழுத்தில், அன்றைக்கு ஆடிய தொடக்கம் மொத்தமும் இருந்தது. அதை அவளிடம் யாரும் காட்டவில்லை; தன் நோட்டிலிருந்து யாரோ கிழித்தது என்றே அவள் நினைத்திருந்தாள்.

செஸ் சங்கத்துக்காரர்கள் யோசிக்கவே இல்லை. கோச் விற்றுவிட்டார் என்றார்கள். கோச்சின் பெயர் அப்துல் மஜீத். உக்கடத்தில் வாட்ச் ரிப்பேர் கடை. பெயரைக் கேட்டதுமே பாதிப் பேருக்குச் சந்தேகம் தீர்ந்துபோயிற்றாம். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. இனி அவர் ஆயுசுக்கும் எந்தப் பிள்ளைக்கும் செஸ் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறார்கள்.

போகும்போது கலாமணி இன்னொன்றும் சொன்னாள். "போன வருசம் எங்க கெணத்து மோட்டாருல காப்பர் கம்பியைத் திருடிட்டுப் போயிட்டாங்க. எங்கம்மா ரெண்டாம் நாளே பஸ் ஏறி ஆனைமலை போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுட்டு வந்துட்டாங்க. மூணாம் நாள் கம்பி வாசல்ல கெடந்துச்சு. அதே மாதிரி நீங்களும் புடிச்சுக் குடுக்கோணும் மேடம்."

"அம்மனோட எங்களைக் கோத்து விடாத அம்மணி. எங்களுக்கு ஆபீஸ்ல ஃபேனே சரியா ஓடாது" என்றேன் நான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்காகவாவது இந்தக் கேஸை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

காலை பத்து மணிக்குச் சங்க ஆபீஸுக்குப் போனோம். வாசல் படியிலேயே மஜீத் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோய்த்த வெள்ளைச் சட்டை.

"கமிட்டி அஞ்சு மணிக்குங்களே பாய், இப்பவே வந்துட்டீங்க?" என்றேன்.

"கடையில உக்காந்தா போறவங்க வர்றவங்க பாக்கறாங்க. இங்கன்னா நாலு பேருதான் பாக்கறாங்க."

மேடம் அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "காம்பிட் ஆடப் போறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பேனுங்க அம்மா. சிப்பாயைச் சும்மா குடுக்கற ஆட்டத்தை நான் ஒரு பிள்ளைக்கும் சொல்லித் தந்ததில்ல. போர்டுல பார்த்தப்பதான் எனக்கே தெரியும். சொன்னா கமிட்டி நம்பலை. அந்தப் பொண்ணும் சொல்லுச்சு. வாத்தியாருக்காகப் பொய் சொல்லுதுன்னுட்டாங்க." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பத்தாறு பிள்ளைங்க வந்துட்டிருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட வரலை. போர்டெல்லாம் அடுக்கி வெச்சுட்டு நானே தனியா உக்காந்திருந்தேன்."

எனக்குக் கேலி பேச ஒன்றும் வரவில்லை.

செயலாளர் கோவிந்தராஜுலு உள்ளே விறைப்பாக உட்கார்ந்திருந்தார். காகிதத்தைக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

"கேஸ் க்ளியர் மேடம். பொண்ணு நோட்டு கோச் கைக்குப் போகும். கோச் கையில இருந்து எதிராளி கைக்குப் போகும். வேற எந்த வழியில போகும்?"

"பாக்கறேனுங்க, குடுங்க."

மேடம் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். நடுவில் சிவப்பாக ஒரு தீற்றல். அதைச் சுற்றிப் பழுப்பாக ஈரம் காய்ந்த கறை. மடிப்புக் கோடுகள் நாலா பக்கமும் இருந்து நடுவில் வந்து சேர்ந்தன.

"வேலா, லெட்டர் எப்படி மடிப்பாங்க?"

"ரெண்டா. இல்லாட்டி நாலா. நான் எழுதினா சுருட்டிக் கசக்கி எறிஞ்சுடுவாங்க."

"இது எப்படி மடிச்சிருக்கு?"

பார்த்தேன். "பொட்டலம் மேடம். கடலைப் பொட்டலம் மாதிரி."

"கடலைக்குக் குங்குமம் வெப்பாங்களா?" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "செயலாளர் சார், மஜீத் பாய் குங்குமம் வெச்சுப் பூப் பொட்டலம் கட்டுவார்னு உங்க கமிட்டிக்கு யார் சொன்னது?"

கோவிந்தராஜுலு தன் மேஜைமேல் இருந்த சாமி படத்தைப் பார்த்தார். "அது… இங்க ஒட்டியிருக்கும்…" என்று இழுத்தார். நாங்கள் காத்திருக்கவில்லை.

கீழே எஸ்.டி.டி. பூத். மேடம் பீளமேட்டு நம்பரைச் சுற்றினார். சாய்கிருஷ்ணாவே எடுத்தான்.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்தப் பேப்பருக்குள்ள பூ இருந்துச்சா?"

முதலில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?" என்றான். அப்புறம் சட்டென்று, "பெரியம்மா கோயில் பூன்னுதான் குடுத்தாங்க. நான் யார்கிட்டயும் கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

"சாமி குடுத்த நோட்ஸ்னு சட்டைப் பையில வெச்சுக்கிட்டான் போல. நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதறப்போ எந்தச் சாமியும் எனக்கு இப்படிக் குடுக்கலை" என்றேன்.

"வண்டியை எடு. அன்னூர்."

எடு என்பதற்கு எங்கள் ஆபீஸில் சாவியைக் கொடு என்று அர்த்தம். கைனடிக் ஹோண்டாவை மேடம்தான் ஓட்டுவார். சத்தி ரோட்டில் கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம் என்று வெயில் எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. பின்னால் உட்கார்ந்து நான் கேஸை முடித்துவிட்டேன்.

"அப்பன்தான் மேடம். அந்த ஆளுக்குச் செஸ்ஸே ஆகாது. பொண்ணு தோக்கோணும். கல்யாணம் நடக்கோணும். அவ்வளவுதான்."

"கேஸ் வெந்துருச்சுங்கறே."

"தட்டுலயே போட்டாச்சு."

கலாமணியின் அப்பா செங்கோட்டையன் வீட்டில் இல்லை. வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். கலாமணி ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். அவள் அம்மா தெய்வாத்தாள் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். மெலிந்த உடம்பு, மரியாதையான முகம். ஒவ்வொரு போட்டிக்கும் மகளைப் பஸ்ஸில் கூட்டிப் போய், ஆட்டம் முடிகிறவரை வெளியே வேப்பமரத்தடியில் மற்றத் தாய்மார்களோடு காத்திருப்பவர் இந்த அம்மாள்தான் என்று கலாமணி பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"கலாமணி, கடைசி ஆட்டத்துக்கு முன்னாடி கோயில்ல பூக் கேட்டீங்களா?" என்றார் மேடம்.

அவள் கண் அகன்றது. "கேட்டோமுங்க. அதெப்படி உங்களுக்கு…?"

"சொல்லு."

"பழைய ஆட்டமா, புது ஆட்டமான்னு எனக்கு ரெண்டு மனசா இருந்துச்சுங்க. மொத நாள் காலையில மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா புதுசு ஆடலாம்னு. என்ன ஆடப்போறேன்னு அம்மனே படிச்சுப் பாக்கட்டும்னு முழுசா எழுதி, அந்தப் பேப்பர்லயே வெள்ளைப் பூவைக் கட்டினோமுங்க. பூசாரி ஊட்டுக் குழந்தை எடுத்துச்சு. வெள்ளைதான் வந்துச்சு."

எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் சரி, கிணறு வெட்டினாலும் சரி, பூக் கேட்காமல் இறங்க மாட்டார்கள். ஆனால் செஸ்ஸுக்குப் பூக் கேட்டு, ஆட்டத்தையே பொட்டலம் கட்டி வைத்தது இந்த ஒரு குடும்பமாகத்தான் இருக்கும்.

"அந்தப் பொட்டலம் எங்க?"

"கோயில்லயே உட்டுட்டு வந்தோமுங்க. நான் மொதல்ல வெளிய வந்துட்டேன். அப்பாவும் அம்மாவும் பின்னாடி வந்தாங்க."

"அந்தப் பொட்டலம்தான் சாய்கிருஷ்ணா நாற்காலிக்கு அடியில கெடந்தது" என்றார் மேடம்.

கலாமணியின் முகம் வெளுத்துவிட்டது. நான் செங்கோட்டையன் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க, வெள்ளகோவில் சம்பந்தம் கைவிட்டுப் போயிருமேன்னு பயமா?"

மனுஷன் தோளில் கிடந்த துண்டை உதறினார். "வாயை அளந்து பேசுங்க தம்பி. செஸ்ஸுன்னா எனக்குப் புடிக்காதுதான். வேலைவெட்டி இல்லாதவன் ஆடறதுன்னு இவ மொகத்துக்கு நேராவே சொல்லியிருக்கறேன். ஆனா ஜெயிச்சா படிக்க வெக்கறேன்னு சொன்னதும் நான்தானுங்க. சொன்னது சொன்னதுதான். எம் பொண்ணு குடியைக் கெடுத்தவன் எவன்னு தெரியோணும்னு மொளகா வாங்கி வெச்சு மூணு வாரமாச்சு. அதா தொங்குது பாருங்க. இவதான் ஆடி அமாவாசைக்குப் போலாம், ஆடி அமாவாசைக்குப் போலாம்னு…"

சொல்லிக்கொண்டே மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

சுவரில் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. ஆனைமலை மாசாணியம்மன் கோயில் ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால், திருடியவன் உடம்பெல்லாம் எரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாதவர்கள்கூட அந்தப் படி ஏறுவார்கள். மேடம் எழுந்துபோய்ப் பையைத் திறந்து பார்த்தார். மிளகாய் ஒன்றுகூடக் குறையவில்லை.

"தெய்வாத்தாம்மா, மோட்டார் கம்பி போனப்போ எத்தனாம் நாள் ஆனைமலை போனீங்க?"

தெய்வாத்தாள் முந்தானையால் மோர்ச் சொம்பைத் துடைத்தார்.

"ரெண்டாம் நாள்னு உங்க பொண்ணு சொல்லுச்சு. கம்பிக்கு ரெண்டு நாள். பொண்ணு வாழ்க்கைக்கு மூணு வாரமாகியும் போகலை. ஏனுங்கம்மா?"

தெய்வாத்தாள் கையிலிருந்த மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"எந்தக் கையில அரைப்பேனுங்க?" என்றார்.

நான் பின்னால் உட்கார்ந்து முடித்துவைத்த கேஸ் இப்படித்தான் முடிந்தது. எனக்கு என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"எங்கண்ணனுக்கு இவ பொறந்தன்னிக்கே வாக்குக் குடுத்துப்போட்டனுங்க" என்றார் தெய்வாத்தாள். "அண்ணன் பையன் பத்தாவதோட நின்னுட்டான். இவ இன்ஜினியராப் போயிட்டா அவனைக் கட்டுவாளா? எம் பொறந்த ஊட்டு வாசலை நான் மறுபடி மிதிக்க முடியுமா? கோயில்ல பூக் கேக்கறப்ப எம் மனசுல ஒண்ணும் இல்லீங்க, அந்த அம்மன் சத்தியமா. வெள்ளை வந்துச்சு பாருங்க, அப்பத்தான் பயம் வந்துச்சு. இவ ஜெயிச்சுருவான்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. மறுநாள் ஆட்டத்துக்கு முன்னாடி, மரத்தடியில அந்தப் பையனோட பெரியம்மா வெங்கடம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. கோயில் பூவுங்க, பையனுக்குக் குடுங்கன்னு கையில வெச்சுப்போட்டேன்."

"அம்மா" என்றாள் கலாமணி.

"தோத்தா ரெண்டு நாளு அழுவே, சரியாப் போயிரும்னு நெனைச்சேன் கண்ணு. அந்த பாய் தலையில விடியும்னு நான் கனாவுலகூட நெனைக்கலை. சொல்லோணும்னு தெனமும் வாயெடுப்பேன். சொன்னா நீ எங்கூடப் பேச மாட்டியேன்னு முழுங்கிப்போடுவேன்."

"மொளகா அரைக்காததுக்கு அதுதான் காரணமாம்மா? உனக்கு எரியும்னா?"

"ஆமாங் கண்ணு. பயந்துபோட்டேன்."

கலாமணி ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நான் அரைச்சுட்டேம்மா."

தெய்வாத்தாளுக்குப் புரியவில்லை.

"தோத்த நாலாம் நாளு. பிரெண்டு ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு தனியாப் போயிட்டு வந்தேன். அங்கயே மொளகா வாங்கி, பேரு தெரியாதுன்னு சொல்லித்தான் அரைச்சேன். என் ஆட்டத்தைத் திருடினவங்க கண்ணு எரியோணும், சோறு எறங்கக் கூடாது, தூக்கம் வரக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி அரைச்சேம்மா. கை எரிஞ்சுது. எரியட்டும்னு இன்னும் அழுத்தி அரைச்சேன்."

தெய்வாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதாஞ்சாமி எனக்குத் தூக்கமே வரலை, மூணு வாரமா ஒரு வாய்ச் சோறு எறங்கலை" என்று உள்ளிருந்து முனகினார். எனக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம்தான். அன்றைக்கு மட்டும் அந்த மஞ்சள் பையைவிட்டுத் தள்ளி நின்றேன்.

மேடம் கேட்க வந்த கேள்வி முடிந்துவிட்டது.

கலாமணிதான் முதலில் அசைந்தாள். சுவரில் மணி பார்த்தாள். "அம்மா, எந்திரி. சீலையை மாத்து. அஞ்சு மணிக்கு கமிட்டி."

"கண்ணு, அத்தனை பேரு முன்னால…"

"சார் மூணு வாரமா அத்தனை பேரு முன்னாலதான் நிக்கறாரு."

செங்கோட்டையன் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்றார். தொட்டியில் தண்ணீர் நிறையவே இருந்தது. வாசல்வரை வந்தவர் மகளிடம், "வெள்ளகோவிலுக்கு நான் சொல்லிப்போடறேன். உங்கம்மா குடுத்த வாக்கு அவளோட. நான் சொன்னது தோத்தாத்தான் கல்யாணம்னு. நீ தோக்கலை" என்றார்.

"சீட்டுக்கு லிஸ்ட் போட்டுட்டாங்கப்பா. எம் பேரு அதுல இல்ல" என்றாள் கலாமணி.

கமிட்டி அறையில் ஏழு பேர் இருந்தார்கள். தெய்வாத்தாள் நின்றுகொண்டே நாலு வார்த்தை சொன்னார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கோவிந்தராஜுலு தொண்டையைச் செருமிக்கொண்டு, கோச் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொள்வதாகவும், ஆட்டத்தின் முடிவு மட்டும் மாறாது என்றும் சொன்னார். மஜீத்திடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் கெட்டுப்போன பெயர் மூன்று நிமிஷத்தில் சரியாகிவிட்டது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். டீ மட்டும் வந்தது. அவர் குடிக்கவில்லை.

படியில் அவர் கலாமணியை நிறுத்தினார். "காம்பிட் எடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே புள்ள?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க சார்."

"ஆமா. சொல்லியிருப்பேன்." ஒரு படி இறங்கித் திரும்பி, "நல்லா ஆடினே. இருபது மூவ் வரைக்கும் உன் கைதான் மேல" என்றார். தெய்வாத்தாள் அவர் முன்னால் கைகூப்பினார். அவர் தலையை ஆட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு உக்கடம் பக்கம் நடந்தார்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நாங்களும் போனோம். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். கலாமணி வாங்கவில்லை. "அது உங்க ஃபீஸுங்க. கேட்டதைக் கண்டுபுடிச்சுக் குடுத்துட்டீங்கல்ல" என்றாள். மேடம் கோப்பையை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். "போயிட்டு வா அம்மணி" என்றார்.

அன்னூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. தெய்வாத்தாள் முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் முந்தானையை விரித்துப் போட்டு மகளுக்காகப் பிடித்து வைத்தார்.

"கண்ணு, நியாயம் கெடைச்சா திரும்பப் போயி அம்மனைக் குளுர வெக்கோணும்பாங்க. நானும் கூட வாரேன்" என்று எட்டிப் பார்த்துச் சொன்னார்.

கலாமணி அந்த முந்தானையைத் தாண்டிப்போய் மூன்று சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு அன்னூர்" என்றார் தெய்வாத்தாள்.

"எனக்கு நான் எடுத்துக்கறேனுங்க" என்றது பின்னாலிருந்து வந்த குரல்.